இழுப்புப் பாம்பு சாப்பிடும் நேரம்

என்னுடைய இழுப்பு பாம்பாக வெளியே வந்த அன்றைக்கு எங்கள் வீதியில் கரண்ட் இல்லை. தறிவீதியில் கரண்ட் போய்விட்டால் ஆட்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது, ஆளுக்கொரு வாசலில் நின்று அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கிடைத்த நேரத்தை விடுவானேன் என்று புறக்கடையில் துணி துவைக்கிற கல்லண்டை குனிந்து வீட்டுக்காரருடைய கிரீஸ் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. வந்தது என்றால், பாவாடை கட்டிய காலத்திலிருந்து தறிக் குச்சியில் ஊடை நூலைத் தார் சுற்றிச் சுற்றி, பஞ்சுத் தூசியைத் தின்று தின்று, என் நெஞ்சுக்குள் வாடகை தராமல் குடியிருந்த அதே இருமல், அதே விசில், அதே இழுப்பு. ஆனால் இந்தத் தடவை அது என்னைப் போட்டு இழுக்காமல் தொண்டை வரை வந்து நின்று, வழி பார்த்து, மெதுவாக நாக்கின்மேல் ஏறி, வாய் வழியாக இறங்கி, கல்லின்மேல் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. சுண்டுவிரல் மொத்தம் இருந்தது. வெளுக்காத நூலின் நிறம், அதன்மேல் நீலத்தில் லுங்கிக் கட்டம்.

நான் மூச்சு விட்டேன். வேறொன்றும் செய்யவில்லை, சத்தியமாக. மூச்சை இழுத்தேன், அது பாட்டுக்கு உள்ளே போனது, எங்கும் முட்டவில்லை, எங்கும் விசிலடிக்கவில்லை, அடிவயிறு வரை போய்விட்டு அழகாகத் திரும்பி வந்தது. இதைத்தான் மற்றவர்கள் எல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா செய்துகொண்டிருக்கிறார்களா, பாவிகள், ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லையே என்று அழுகை வந்துவிட்டது. பாம்பைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்ததற்காகத்தான் கும்பிட்டேன், பாம்பு என்பதற்காக அல்ல.

அடுத்த வீட்டு ராஜாமணியக்கா துணி காயப்போட வந்தவர், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுகிறது, உள்ளே எடுத்துக்கொண்டு போ, காய்ந்து போய்விடும் என்றார். வீதியில் இருபது தறி ஓடுகிற பெரிய பட்டறை அவர்களுடையதுதான். அவருடைய வீட்டுக்காரர் சென்னியப்பண்ணனின் பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணி விரித்துப் பாம்பை எடுத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது, தறியெல்லாம் ஒரே மூச்சில் ஓட ஆரம்பித்தன, பாம்பு துணிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். மூச்சு விடுகிற சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

வீதி இதை எடுத்துக்கொண்டது பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டார்கள், மரகதத்தின் இழுப்பு இறங்கிவிட்டதாம் என்று ஏதோ எனக்குப் பேரன் பிறந்த மாதிரி பேசிக்கொண்டார்கள், கட்டம் எந்தப் பட்டறைக் கட்டம் என்பதில்தான் சண்டை வந்தது. சென்னியப்பண்ணன் பட்டறையில் போன வருஷம் ஓட்டிய டிசைன் என்று ஒரு கட்சி, இல்லை, கடைக்கோடிப் பட்டறை டிசைன், அங்கேதான் மரகதம் சின்ன வயதில் தார் சுற்றினாள், அந்தத் தூசிதான் இது என்று இன்னொரு கட்சி. பெரியாஸ்பத்திரி டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துப் பார்த்து, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது, பாம்புக்கு மருந்து எழுத எனக்கு அதிகாரமில்லை, மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, அம்மா இது இருமல், இருமலுக்கு நான் பார்ப்பதில்லை என்றார். இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள், அவரவர் இடத்தில் சரியாகத்தான் சொன்னார்கள்.

பிறகு ஆரம்பித்தது பால். எங்கள் பக்கத்தில் பெண்கள் பாம்பு என்றால் புற்று என்பார்கள், புற்று என்றால் பாலும் முட்டையும் என்பார்கள். வெள்ளிக்கிழமையானால் குளித்து, மஞ்சள் பூசி, சொம்பில் பாலோடு என் வாசலில் வரிசை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு மூச்சு வந்ததற்கு அவர்கள் நன்றி சொல்ல வருகிறார்கள். பெட்டிக்குள் கிண்ணம் வைத்தார்கள், கிண்ணம் நிரம்பினால் கிண்ணத்தைச் சுற்றி ஊற்றினார்கள், ஊற்றிய பாலில் பாம்பு நனைந்து மூக்கு வரை பாலாகி நின்றபோது நான் அடுப்படியில் முழு டம்ளர் பாலில் புரையேறினவள் மாதிரி மூச்சு முட்டி விழுந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. இழுப்பு என்னை விட்டு வெளியே போயிருந்ததே தவிர என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு வலித்தால் எனக்கு வலிக்கும், அது பயந்தால் என் நெஞ்சு இறுகும், அது நன்றாக இருந்தால் நான் நன்றாக இருப்பேன்.

என் வீட்டுக்காரர் குப்புராஜ் வீதியிலுள்ள எல்லாப் பட்டறைக்கும் தறி ஃபிட்டர். எதையும் கழற்றிப் பார்க்காமல் தூங்கமாட்டார். பால் சரிப்படவில்லை என்றதும், பாம்பு எலிதானே தின்னும், இதற்கென்ன ஆராய்ச்சி என்று நூல் கோடவுன் எலிப்பொறியில் மாட்டிய எலி ஒன்றை உயிரோடு பெட்டிக்குள் போட்டு, அட்டையை மூடி, மேலே ஒரு மோட்டார் கவரையும் பாரத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாசத்தில்தான் செய்தார். மூலையில் மாட்டிய எலி சும்மா இருக்குமா, அதுவும் உயிர்தானே, பாம்பின் கழுத்தைக் கடித்துக் குதறிவிட்டது. தார் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன், நூல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. விஷயம் தெரிந்து ஓடிவந்தவர் பாம்பின் காயத்துக்கு மஞ்சள் வைப்பதா, என் முகத்தில் தண்ணீர் தெளிப்பதா என்று தெரியாமல், மஞ்சளை என் முகத்தில் பூசிவிட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஈரோட்டுக்கு ஸ்பேர் வாங்கப் போன இடத்தில்தான் அவர் ஷர்மிளாவைப் பிடித்தார். வண்ண மீனும் லவ்பேர்ட்ஸும் விற்கிற கடை வைத்திருந்த பெண். பாம்பு வளர்த்த அனுபவமும் உண்டு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம் போனில் என்னிடம் விஷப்பாம்பா என்று கேட்டாள். இல்லைங்க, இழுப்புங்க என்றேன். அப்போ சரி என்றாள், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, நேரே ஏச ஆரம்பித்துவிட்டாள். பாலை ஊற்ற அது பூனையா என்றாள். உயிருள்ள எலியைப் பாம்போடு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறவனைத்தான் முதலில் பெட்டியில் போட வேண்டும் என்றாள். கோடவுன் எலி வேண்டவே வேண்டாம், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியைத் தின்ன வருகிறது என்று நீங்கள் மருந்து வைத்திருப்பீர்கள், அந்த மருந்து எலி வழியாகப் பாம்புக்குப் போகும் என்றாள்.

பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, செத்து உறைந்த வெள்ளெலிக் குட்டி நானே அனுப்புகிறேன், பாம்பின் உடம்பு எங்கே பருமனோ அதைவிடக் குட்டி பருமனாக இருக்கக்கூடாது, ஐஸ் முழுக்க விட்ட பிறகு வெந்நீரில் கவரோடு போட்டு உடம்புச் சூடு வரவைத்துத் துடைத்துவிட்டுக் கொடுங்கள், கையால் கொடுக்காதீர்கள், நீள இடுக்கியால் கொடுங்கள், எலி வாசனை உள்ள கையை நீட்டினால் கையையும் எலி என்றுதான் நினைக்கும், அதன்மேல் குற்றமில்லை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வையுங்கள், கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தின்றபின் வயிற்றில் அந்த மேடு கரைகிற வரைக்கும் தொடாதீர்கள், தூக்கினால் கக்கிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்குத்தான் அவள் சிரித்தாள்.

"எடுத்துட்டு, கொஞ்ச நாள் விட்டு மறுபடி கொடுங்க. பாம்பு உங்க வீட்டு மாப்பிள்ளை இல்லீங்க, இன்னும் ஒரு கரண்டி இன்னும் ஒரு கரண்டின்னு வற்புறுத்தறதுக்கு."

வெள்ளெலிக் குட்டிகள் தெர்மாகோல் பெட்டியில் ஈரோட்டுப் பஸ்ஸில் வந்தன. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ராஜாமணியக்கா கறி முட்டை தொடாதவர், ஆனாலும் நான் கேட்பதற்கு முன்பாகவே, உனக்கு மூச்சு வருகிற காரியம், ஐஸ் தட்டில் வைத்துக்கொள்ளலாம் வா என்று கூப்பிட்டு, தீபாவளிக்கு வந்த மைசூர்பாகு டப்பாவில் அவற்றைப் போட்டு மூடி வைத்தார். அந்தப் புண்ணியவதியின் மனசு யாருக்கு வரும். ஆனால் சென்னியப்பண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டார். அவருக்கோ இனிப்பென்றால் உயிர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மனுஷன் டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடி, சாப்பிடாமலே பட்டறைக்குத் திரும்பப் போய்விட்டாராம். அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் அவர் முகம் வேறு பக்கம் போகும்.

எல்லாம் ஷர்மிளா சொன்னபடி செய்தோம். குப்புராஜ் தறி ஸ்பேர் பட்டையை வளைத்து நீள இடுக்கி செய்தார், உடைந்த பானையைக் கவிழ்த்துப் பொந்து செய்தார், நான் சோப்பு போட்டுக் கை கழுவினேன், வெந்நீரில் சூடாக்கினேன், துடைத்தேன், நீட்டினேன். பாம்பு பார்த்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. வாய்கூடத் திறக்கப் பார்த்தது. பிறகு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் நடுங்கிப் பானைக்குள் போய்விட்டது. எடுத்துவிட்டோம், பொறுத்தோம், மறுபடி கொடுத்தோம், மறுபடி நடுங்கியது. அமாவாசை போய்ப் பௌர்ணமி போய் மறுபடி அமாவாசை போனது. பாம்பு மெலிந்தது, கட்டங்கள் சுருங்கின, எனக்குப் படி ஏறினால் மூச்சு நிற்க ஆரம்பித்தது. மறுபடியும் அந்த விசில், முதலில் தூக்கத்தில் மட்டும், பிறகு குழம்பு கொதிக்கும்போதும்.

ஷர்மிளாவைக் கூப்பிட்டேன். பேச ஆரம்பித்ததும் என்னங்க சத்தம் அது, ரயிலில் வருகிறீர்களா என்றாள். இல்லைங்க, ஊட்டிலிருந்துதான் பேசறேனுங்க என்றேன்.

"பாம்பு எங்க இருக்கு?"

"இதே ஊட்லதானுங்க இருக்குது."

அதற்குப் பிறகு அவள் ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாம்புக்கு நம்மைப் போல் காது இல்லை, தாடையைத் தரையில் வைத்துத்தான் கேட்கும், தரை அதிர்ந்தால் அதற்கு மண்டைக்குள்ளேயே இடிக்கும், பூகம்பத்தில் உட்கார்ந்து நீங்கள் சோறு தின்பீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். நான் அலமாரியைப் பார்த்தேன். தட்டும் டம்ளரும் ஒன்றோடொன்று உரசி நடுங்கிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி வந்த நாளாக அவை அப்படித்தான் நடுங்குகின்றன; சொம்புத் தண்ணீரில் எப்போதும் வளையம் வளையமாகத்தான் இருக்கும்; எங்கள் வீதியில் யாரும் பேசுவதில்லை, கத்துகிறோம், கத்துகிறோம் என்பதே தெரியாமல் கத்துகிறோம். தறி இரண்டு ஷிப்ட் ஓடும், ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே ஆள்தான் மாறும், தறி நிற்காது.

தரையில் மெத்தை போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தோம், உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம், கயிறும் நடுங்கியது. தறியில்லாத ஊருக்கு, என் தங்கை வீட்டுக்கு, குப்புராஜ் பெட்டியைப் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்த்தார்; காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் இங்கே எனக்கு மூச்சு ரப்பர் மாதிரி இழுபட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் போன் போட்டு அவரைப் பாதி வழியில் திருப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் கண் அசந்து படுத்திருந்தேன். நெஞ்சின்மேல் ஏதோ ஊர்ந்தது. கண்ணைத் திறந்தால் பாம்பு என் உதட்டருகில் மூக்கை வைத்துக் காத்திருந்தது. பசி, பயம், வீட்டுக்குப் போக வேண்டும் அதற்கு. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது சுண்டுவிரல் மொத்தம் இருந்தது, உள்ளே இருந்தபோது வெறும் இருமலாகத்தான் இருந்தது. இனி உள்ளே போனால் முழுப் பாம்பாகப் போகும், இந்தத் தடவை நான் தாங்கமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணில் நீர் வழிய வழிய அதைப் பெட்டிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

குப்புராஜ் பட்டறை பட்டறையாகப் போனார். எல்லோருக்கும் ஏதாவது ஒரு ராத்திரி உடைந்த தறியைச் சரிசெய்து கொடுத்தவர் அவர், யாரும் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லவில்லை, சென்னியப்பண்ணன் நிறுத்தினால் நாங்களும் நிறுத்துகிறோம் என்றார்கள். எல்லோரும் அப்படிச் சொன்னதால் எல்லா வழியும் சென்னியப்பண்ணன் வாசலில்தான் போய் நின்றது. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இருபது தறியில் ஒரு தறியில் ஒரு இழை அறுந்தாலும் சாப்பிடுகிற இடத்திலிருந்து சொல்லிவிடுவார். பட்டறைச் சத்தத்துக்குள்ளேயே கட்டில் போட்டுத் தூங்குவார். என் வீட்டுக்காரர் கேட்டதும், உன்ர ஊட்டுப் பாம்பு திங்கறதுக்கு என்ர தறி பட்டினி கெடக்கோணுமா என்று ஆரம்பித்து, மைசூர்பாகு டப்பா வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, தறி நின்னா எனக்கு நெஞ்ச அடைக்கற மாதிரி இருக்குது குப்புராசு, என்னால ஆகாது என்றாராம். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராஜாமணியக்காதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் வீதியில் அமாவாசைக்கு மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைப்பது உண்டு. முன்னெல்லாம் தறியை நிறுத்தி, தூசி தட்டி, பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டு மறுபடி ஓட்டுவார்களாம். எங்கள் காலத்தில் ஓடுகிற மோட்டாருக்கே எட்டி நின்று ஒரு விரலால் பொட்டை அப்பிவிட்டு ஓடிவிடுவார்கள். அக்கா வீட்டுக்காரரிடம், ஓடுகிற சாமிக்குப் பொட்டு வைத்தால் அது சாமியில் சேர்த்தியா, இந்த அமாவாசைக்கு நிறுத்தித்தான் வைக்க வேண்டும், வைத்த பொட்டு காய்கிற வரைக்கும் தொடக்கூடாது என்றார். சென்னியப்பண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். மோட்டார் சூட்டில் சந்தனம் கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். சரி என்று வீதி கேட்கச் சொல்லிவிட்டார். அக்கா விடியற்காலையிலேயே எழுந்து கல்லில் சந்தனம் இழைக்க உட்கார்ந்தார். இழைத்தார் இழைத்தார், தோசைமாவுக்குண்டான சந்தனத்தை இழைத்தார்.

அமாவாசையன்று காலையில் ஒரு பட்டறை நின்றது, அடுத்தது நின்றது, கடைக்கோடி நின்றது, கடைசியாகச் சென்னியப்பண்ணன் பட்டறை நின்றது. அக்கா இருபது மோட்டாருக்கும் அடை தட்டுகிற மாதிரி சந்தனத்தை அப்பினார். அமைதி என்று ஒன்று எங்கள் வீதிக்குள் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்து அழுதன, தறிச் சத்தம் இல்லாமல் அவை தூங்கியதே இல்லை. ஒரு வீட்டில் கடுகு பொரிந்தது வீதி முழுக்கக் கேட்டது. யாரோ உப்பு எங்கே என்று வழக்கம்போல் கத்திவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். சொம்புத் தண்ணீர் வளையம் இல்லாமல் கண்ணாடியாக நின்றது.

நான் எலிக்குட்டியை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தேன், இடுக்கியில் பிடித்தேன், பானை வாயருகே வைத்தேன், எட்டிப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தாலும் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வாசற்படியில் குப்புராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, மரகதம் என்றார். கத்தவில்லை, சும்மா சொன்னார், சாதாரணமாக மனுஷர்கள் சொல்கிற மாதிரி. இத்தனை வருஷத்தில் என் பேரை அவர் வாயால் அப்படி நான் கேட்டதே இல்லை, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியப்பண்ணன் ஸ்டார்ட்டரில் ஒரு கையும் பொட்டில் ஒரு விரலுமாக நின்றிருந்தார். இதை அக்காதான் பிறகு சொன்னார். காய்ந்துவிட்டதா, காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். இந்தப் பக்கம் நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன், விசில், விசில், விசில். அப்போது என் தொண்டையில் ஏதோ இதமாக இறங்கியது. குளிர்காலத்தில் முதல் வாய் கஞ்சி இறங்குமே, அப்படி. நெஞ்சைத் தாண்டி, வயிற்றுக்கு மேலே வந்து உட்கார்ந்தது. மூச்சை இழுத்தேன். போனது, முட்டாமல் போனது, அடிவரை போய் வந்தது. சாப்பிட்டுவிட்டது, ஐயோ சாமி, சாப்பிட்டுவிட்டது என்று அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன், அவரும் அழுதார், அதுவும் வீதிக்கே கேட்டது.

ஆனால் விசில் நிற்கவில்லை. என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. எதிர் வீட்டில் ஒரு விசில் கேட்டது. பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்து ஒன்று, மெல்லியதாக, குழந்தையுடையது மாதிரி. வாசல்களில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீதியே இழுத்துக்கொண்டிருந்தது, இத்தனை காலம் தறிச் சத்தத்தில் அவரவர் நெஞ்சு அவரவருக்கே கேட்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய விசில், துருப்பிடித்த கதவு மாதிரி, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சென்னியப்பண்ணன் முதலில் ஏதோ தறி கிறீச்சிடுகிறது என்று நினைத்து ஒவ்வொரு தறியாகக் குனிந்து காது வைத்துப் பார்த்தாராம். தறியெல்லாம் நின்றிருந்தது. பிறகு தன் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாராம். பொட்டு அநேகமாகக் காய்ந்துவிட்டிருந்தது. அவர் ஸ்டார்ட்டரிலிருந்து கையை எடுத்து, சொம்பில் விரலை நனைத்து, பொட்டின்மேல் தண்ணீர் தடவினாராம். அடுத்த மோட்டாருக்கும் தடவினாராம். அன்றைக்கு மத்தியானம் வரை எங்கள் வீதியில் எந்தப் பொட்டும் காயவில்லை.

அதிலிருந்து அமாவாசைதோறும் வீதி நிற்கிறது. அடுத்த அமாவாசையிலேயே எதிர் வீட்டுக்காரிக்கு இறங்கியது, பச்சைக் கட்டம். பிறகு கடைக்கோடிப் பட்டறை ஆள் ஒருவருக்கு, சிவப்பில் கோடு போட்டது. பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு மண்புழு மொத்தத்தில் குட்டி குட்டியாக. வீட்டுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு பானை. கோடவுனில் எலிமருந்து வைப்பதை நிறுத்தி எல்லோரும் பொறிக்கு மாறிவிட்டோம். ராஜாமணியக்காவின் ஐஸ் தட்டு முழுக்க மைசூர்பாகு டப்பாதான், மேலே அவரவர் வீட்டுப் பேர் எழுதி ஒட்டியிருக்கும். சொந்தக்காரர்கள் யாராவது சாப்பிட்ட பாம்பைப் பார்க்க வந்து பெட்டிக்குள் கையை நீட்டினால், பெரிய மனுஷரானாலும் தட்டிவிடுவோம், மேடு கரையட்டுமுங்க, அப்புறம் எடுங்க என்போம். பாம்பு உரித்த சட்டை கைக்குட்டைத் துணி மாதிரி மெத்தென்று இருக்கும், சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கழுத்தில் சுற்றிவிடுகிறோம். ஷர்மிளா ஒரு தடவை வந்து பார்த்தாள். ஏசுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், இடுக்கியைக் கழுவி வெயிலில் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வீதியில் கொடுத்த அவ்வளவு முறுக்கையும் சுமக்க முடியாமல் சுமந்துகொண்டு போனாள்.

சென்னியப்பண்ணனுக்கு மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் பொட்டை நனைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், வரும், தொண்டை வரை வரும், எழுந்து நடப்பார், போய்விடும். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். அவருடைய விசில் கேட்கும்போதெல்லாம் நான் சுவரில் கையை வைத்து, சாமி, அந்த மனுஷன் தறியை நிறுத்தியதால்தான் நான் இருக்கிறேன், அவருக்கும் ஒரு வழி விடு என்று வேண்டிக்கொள்வேன்.

போன தை அமாவாசையன்று என் பாம்புக்கு வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்து விசில் நின்றது. நின்றதும் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து ஓடப் போனேன். அதற்குள் சென்னியப்பண்ணனே வந்துவிட்டார். மேல்துண்டை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். துண்டுக்குள் முழங்கை மொத்தத்தில், பட்டறை தொடங்கிய காலத்துப் பழைய கட்டத்தில், ஒரு கிழட்டுப் பாம்பு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு சுருண்டிருந்தது. அவர் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டார், புதுச் செருப்பு போட்ட பிள்ளை நடந்து நடந்து பார்க்குமே, அப்படி. டப்பா விஷயத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன போடோணும் அம்மிணி?"

"இன்னைக்கு ஒண்ணும் போட வேண்டாமுங்கண்ணா. பொட்டிக்குள்ள விட்டுட்டு, கதவச் சாத்திக்கிட்டு வெளிய வந்து உக்காருங்க."

பெட்டியில் விட்டுவிட்டு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். குப்புராஜ் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.